அரைப் பேர்

வலப்பனையில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை. விடுமுறையில் கடன் கொப்பி எழுதுவது நான்தான். சம்பள நாளில் கணக்குத் தீர்க்க வரும் தோட்டத்து அக்காமார், “இந்த மாசம் அரைப் பேருதான் கூட, மிச்சத்த அடுத்த மாசம் தாறேன் மொதலாளி” என்பார்கள். குறித்த கிலோ கொழுந்து எடுக்காத நாளுக்குப் பாதிச் சம்பளம்; அதுதான் அரைப் பேர். வெயிலில் செடி காய்ந்தாலும் அதே கணக்குத்தான்.

சென்ற தவணை ஒரு தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுத்தார்கள். பதாகை, மாலை, புகைப்படம் எல்லாம் இருந்தன. கம்பனியின் சமூகப் பொறுப்பாம். நல்ல பைதான், என் தோழியின் தம்பி இன்னும் அதைத்தான் கொண்டு போகிறான்.

ஆனால் 2024இல் நாட்சம்பளத்தை 1,700 ரூபாவாக்கி அரசாங்கம் வர்த்தமானி வெளியிட்டபோது, பெருந்தோட்டக் கம்பனிகள் உயர் நீதிமன்றம் சென்றன. செப்டெம்பரில் அது 1,350 ரூபாவில் வந்து நின்றது. வித்தியாசம் 350. மாதம் 25 நாள் வேலை செய்தால் 8,750 ரூபா. அந்தக் காசு கையில் இருந்தால் தாயே பை வாங்கிக் கொடுப்பாள், பிள்ளைக்குப் பிடித்த நிறத்தில்.

செலவு கூடிவிட்டது, தாங்க முடியாது என்கிறார்கள். இருக்கலாம். அப்படியானால் அதைக் கணக்கோடு பேசட்டும். ஸதகா கொடுத்தால் கூலிக்கடன் தீர்ந்துவிடாது என்பது நம் வீடுகளில் சிறுபிள்ளைக்கும் தெரியும். வருடாந்த அறிக்கையில் எத்தனை பை கொடுத்தோம் என்று எழுதும் பக்கத்திலேயே, எத்தனை அரைப் பேர் போட்டோம் என்பதையும் எழுதட்டும்.