சிப்பாயின் பாலும் ஜனங்களின் பாலும்

மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டா தீவின் பெயர் வெகுகாலம் ஒரு ஜுரத்தின் பெயராக வழங்கிவந்தது. ஏறியும் இறங்கியும் மாதக்கணக்கில் வாட்டும் அந்த ஜுரத்தால் அங்கு மாண்ட பிரிட்டிஷ் சிப்பாய்களின் மண்ணீரலிலிருந்து 1887-ல் டேவிட் புரூஸ் என்னும் ராணுவ வைத்தியர் கிருமியைப் பிரித்தெடுத்தார். அவர் பெயராலேயே அது இன்று புரூசெல்லா எனப்படுகிறது. ஆயினும், அதன் இருப்பிடம் ஆடே என்பதற்கு வழிகாட்டியவர் அத்தீவிற் பிறந்த வைத்தியர் தெமிஸ்டக்ளீஸ் சம்மிட். 1905-ல் அவர் ஆடுகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார். பார்வைக்கு யாதொரு பிணியுமற்ற ஆடுகளின் பாலிலேயே ஜுரம் குடியிருந்தது.

அதன்பின் நடந்ததே கவனிக்கத்தக்கது. 1906-ல் பட்டாளத்தாருக்குப் பச்சை ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. அவர்களிடையே ஜுரமும் விரைவில் ஏறக்குறைய மறைந்தது. தீவின் ஜனங்களோ தங்கள் வாசலிற் கறந்த அதே பாலையே அருந்திவந்தனர். தலைநகரான வலெட்டாவில் பாலைச் சூடேற்றிக் கிருமி நீக்கும் ஏற்பாடு 1938-லேதான் வந்தது. சிப்பாயைக் காக்க ஓர் உத்தரவு போதுமாயிருந்தது. ஜனங்களைக் காக்க முப்பது வருஷங்களுக்கு மேலாயிற்று. ஆட்டிடையர் ஜீவனம் கெடுமே என்று சமாதானம் சொல்லலாம். அவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியதும் ஆள்வோர் கடமையன்றோ?

அவ்வாட்சி ஒழிந்தது. இவ்வியாதி நம் நாட்டுக் கால்நடைகளிடமும் உண்டு. இன்று பழிசுமத்த அந்நியன் இல்லை. 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டப்படி, நாலு முதல் எட்டு மாதம் வரையுள்ள பெண் கன்றுகளுக்கு ஊசி போடப்படுகிறது. இதை வரவேற்கிறோம். ஆனால், நோயுற்றுக் கன்று வீசிய மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டால், வியாதி ஊர் மாறுமேயன்றி ஒழியாது. ஏழைக் குடியானவன் நோயை மறைக்கிறான் என்று கடிந்து பயனில்லை. தக்க நஷ்டஈடு கிடைக்குமென்று உறுதியானால் அவனே முன்வந்து சொல்வான்.

நன்றாய்ப் பொங்கக் காய்ச்சிய பாலில் இக்கிருமி பிழைப்பதில்லை. பச்சைப் பாலும், அதிலிருந்து எடுத்த வெண்ணெயும் பாலாடைக்கட்டியுமே அபாயம். எனினும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளுவோனுக்கு அடுப்பு காவலாகாது. அவனுக்குக் கையுறையும், கால்நடை வைத்தியரின் உதவியும் வேண்டும். நீடித்த ஜுரமும் மூட்டுவலியுமாய் வருவோரிடம், வீட்டில் மாடு உண்டா என்று வைத்தியர் ஒரு கேள்வி கேட்கவும் வேண்டும்.

கிராமந்தோறும் செல்லும் தேசத் தொண்டர்கள் இவற்றை எடுத்துச் சொல்வார்களாக. நஷ்டஈட்டுக்கும் பரிசோதனைக்கும் சர்க்கார் போதிய பணம் ஒதுக்கட்டும். உண்மை தெரிந்தும் ஜனங்களை முப்பது வருஷம் காக்கவைத்த பழி அந்நிய ஆட்சியோடு போகட்டும். நம்மவர் ஆட்சி அதற்கு வாரிசாக வேண்டாம்.