மறுஒளிபரப்பு வளர்த்த நடிகர்

பிபிசியின் அரச சாசனம் 2027 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் யார் காசில் ஓடுவது என்ற விவாதம் லண்டனில் மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. வீட்டுக்கு வீடு வசூலிக்கும் உரிமக் கட்டணம் தொடரட்டும் என்கிறார்கள் சிலர். விளம்பரத்துக்குக் கதவைத் திறந்துவிடலாம் என்கிறார்கள் சிலர். நெட்ஃபிளிக்ஸ் மாதிரி சந்தா கட்டுபவர்களுக்கு மட்டும் காட்டினால் போதும் என்கிறார்கள் இன்னும் சிலர். இந்த மூன்றாம் தரப்பின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும்: பார்க்கிறவர் காசு கொடுக்கட்டும், பார்க்காதவரை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள்? செய்தியையும் குழந்தைகள் நிகழ்ச்சியையும் வேண்டுமானால் பொதுப்பணத்தில் நடத்திக்கொள்ளுங்கள், மக்களைச் சிரிக்க வைக்கும் வேலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று அவர்கள் போகிற போக்கில் ஒரு வரியைச் சேர்க்கிறார்கள். அந்த வரிதான் தவறு. அது எவ்வளவு பெரிய தவறு என்று பார்க்க, பிரிட்டன் சின்னத்திரை கண்ட நகைச்சுவை நடிகர்களில் மிக அதிகமாக நேசிக்கப்படுபவரான சர் டேவிட் ஜேசனின் வாழ்க்கையைத் தேதிவாரியாகப் புரட்டினால் போதும்.

1940 பிப்ரவரியில் வடக்கு லண்டனின் எட்மன்டனில் பிறந்தவர். அப்பா பில்லிங்ஸ்கேட் மீன் சந்தைத் தொழிலாளி, அம்மா வீட்டு வேலை செய்தவர். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, எலெக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டு, மாலை நேரங்களில் அமெச்சூர் நாடகம் போட்டவருக்கு முதல் தொழில்முறை மேடை 1965-இல்தான் கிடைத்தது. 1967-இல் போர்ன்மத் கடற்கரை நாடக அரங்கில் கோடைக்கால நாடகம் ஒன்றில் நடித்துக்கொண்டிருந்தபோது தயாரிப்பாளர் ஹம்ஃப்ரி பார்க்ளே கண்ணில் பட்டு, ‘டு நாட் அட்ஜஸ்ட் யுவர் செட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சிக்குள் நுழைந்தார். கூட நடித்த மைக்கேல் பேலின், டெர்ரி ஜோன்ஸ், எரிக் ஐடில் மூவரும் பிறகு மான்ட்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவில் இணைந்து உலகப் புகழ் பெற்றார்கள். ஜேசனை யாரும் கூப்பிடவில்லை. அடுத்த ஆண்டு ‘டாட்ஸ் ஆர்மி’ தொடரில் கார்ப்பரல் ஜோன்ஸ் வேடம் கிட்டத்தட்டக் கைக்கு வந்து, சில மணி நேரத்தில் கிளைவ் டன்னிடம் போய்விட்டது. இதையெல்லாம் துயரக் கதையாகச் சொல்ல வேண்டியதில்லை. நடிகர் தொழிலில் இது அன்றாடம் நடப்பது. கவனிக்க வேண்டியது, இப்படிப்பட்ட ஒருவரைச் சந்தை என்ன செய்தது என்பதைத்தான்.

சந்தை அவருக்கு வாய்ப்பே தரவில்லை என்று சொல்ல முடியாது. 1974-இல் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் என்ற வணிக நிறுவனம் ஜேசனைக் கதாநாயகனாக வைத்து, தட்டுத்தடுமாறும் உளவாளி எட்கர் பிரிக்ஸின் கதையை எடுத்தது. பதின்மூன்று பகுதிகளோடு கதை முடிந்தது. 1976-இல் அதே நிறுவனம் ‘லக்கி ஃபெல்லர்’ என்று இன்னொன்றைத் தொடங்கியது. அதுவும் பதின்மூன்று பகுதிகள், அதுவும் ஒரே சீசன். விளம்பரம் விற்றுப் பிழைக்கும் நிறுவனத்தைக் குறை சொல்வதற்கில்லை. முதல் சீசனில் கூட்டம் சேராவிட்டால் இரண்டாவது சீசனுக்குச் செலவழிக்க அதற்கு ஒரு காரணமும் கிடையாது. இன்னொரு வணிக நிறுவனமான ஏடிவி எடுத்த ‘எ ஷார்ப் இன்டேக் ஆஃப் பிரெத்’ நான்கு சீசன் ஓடியதே என்று சந்தாக் கட்சிக்காரர்கள் கேட்கக்கூடும். ஓடியது. இன்று அதை நினைவில் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இனி பிபிசி பக்கம் வருவோம். 1973-இல் ரோனி பார்க்கருக்காக அது ‘செவன் ஆஃப் ஒன்’ என்ற தலைப்பில் ஏழு தனிக்கதைகளை எடுத்தது. ஏழிலிருந்து பிபிசிக்கு இரண்டு தொடர்கள் பிறந்தன: சிறைச்சாலையில் நடக்கும் ‘பாரிட்ஜ்’, மளிகைக் கடையில் நடக்கும் ‘ஓப்பன் ஆல் அவர்ஸ்’. கணக்குப்பிள்ளை மொழியில் சொன்னால் ஏழுக்கு ஐந்து நஷ்டம். மளிகைக் கடைக் கதையில் கஞ்ச முதலாளி ஆர்க்ரைட்டாக பார்க்கர். அவருடைய சகோதரி மகனாக, சைக்கிளில் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் கிரான்வில்லாக ஜேசன். 1976-இல் பிபிசி 2-இல் வந்த முதல் சீசனை அதிகம் பேர் பார்க்கவில்லை. அடுத்த சீசன் ஐந்து ஆண்டுகள் கழித்து, 1981-இல்தான் வந்தது. வரக் காரணம், இடையில் பிபிசி 1-இல் போட்ட மறுஒளிபரப்பு. முதல் முறை கண்டுகொள்ளாத மக்கள் இரண்டாம் முறை உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்த மறுஒளிபரப்பை வீட்டிலிருந்து பார்த்தவர்களில் தயாரிப்பாளர் ரே பட்டும் ஒருவர். அப்போது அவர் ஜான் சல்லிவன் எழுதிய புதுத் தொடர் ஒன்றுக்கு நடிகர் தேடிக்கொண்டிருந்தார். தெற்கு லண்டனின் பெக்கமில், அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்துக்கொண்டு, மூன்று சக்கர மஞ்சள் வேனில் ஓட்டை உடைசல் சரக்கு விற்று, அடுத்த வருஷம் கோடீஸ்வரன் ஆகிவிடுவோம் என்று நம்பும் டெரிக் டிராட்டர் என்ற டெல் பாயின் கதை அது. முதலில் நினைத்த நடிகர்கள் எவரும் அமையவில்லை. அவர்களில் ஜிம் பிராட்பென்ட்டும் ஒருவர். கிரான்வில்லைத் திரையில் பார்த்த பிறகுதான் பட்டுக்கு ஜேசன் ஞாபகம் வந்தது. ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்’ 1981 செப்டம்பர் 8-ஆம் தேதி தொடங்கியபோது ஜேசனுக்கு வயது 41. எழுதிய சல்லிவன் ஒரு காலத்தில் அதே பிபிசியில் அரங்கப் பொருள்களைத் தூக்கி வைக்கும் வேலை பார்த்தவர். இரண்டு தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு தேசத்தைச் சிரிக்க வைக்கக் கிளம்பிய கதை, உடனே வெற்றி பெற்றிருந்தால் எனக்கும் வேலை மிச்சமாகியிருக்கும். பெறவில்லை.

இங்கேதான் எண்கள் வருகின்றன. முதல் சீசனின் சராசரிப் பார்வையாளர்கள் 80 லட்சத்தைத் தாண்டவில்லை. பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அன்று பிரிட்டனில் இருந்தவை மூன்றே சேனல்கள், நான்காவது 1982 நவம்பரில்தான் வந்தது. மூன்று சேனல் காலத்தில் பிபிசி 1-இன் மாலை நேர சிட்காமுக்கு அது சுமாரான கணக்கு, தொடரை நிறுத்துவதற்குப் போதுமான கணக்கு. நிறுத்தவில்லை. 1982-இல் இரண்டாம் சீசன் வந்தது. அதுவும் பிரமாதமாகப் போகவில்லை. 1983-இல் அதை மறுஒளிபரப்புச் செய்தார்கள். கூட்டம் சேர்ந்தது; மூன்றாம் சீசன் உறுதியானது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 29 அன்று, டெல் பாயும் அவன் தம்பியும் ஒருவழியாகக் கோடீஸ்வரர்கள் ஆன பகுதியைப் பார்த்தவர்கள் 2 கோடியே 43 லட்சம் பேர். நாட்டின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 5 கோடியே 80 லட்சம். கைக்குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஐந்து பேரில் இருவர் ஒரே நேரத்தில் ஒரே நகைச்சுவையைப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் வேறெந்த சிட்காம் பகுதியும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. முதல் சீசனின் எண்ணும் கடைசி எண்ணும் மூன்று மடங்குக்கு மேல் விலகி நிற்கின்றன. அந்த இடைவெளியைச் சந்தா நிறுவனத்தின் எந்தக் கணக்காளர் 1981-இல் முன்கூட்டியே பார்த்திருப்பார்? பதினைந்து வருஷம் பொறுங்கள், ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில் தேசமே உட்காரும் என்று பங்குதாரர் கூட்டத்தில் சொன்னால் சொன்னவருடைய வேலைதான் போயிருக்கும்.

அந்தக் காத்திருப்பு எதை வாங்கித் தந்தது என்பதற்கு ஒரே ஒரு காட்சி போதும். 1989 ஜனவரியில் வந்த பகுதி. ஒயின் பார் ஒன்றில் டெல் பாய், கையில் பெட்டியும் மேலே நவநாகரிகக் கோட்டுமாக நண்பன் டிரிக்கரோடு நின்றுகொண்டு, அப்பால் இருக்கும் பெண்களைப் பார்த்தபடி கவுண்டரில் சாய்ந்திருக்கிறான். பணியாள் வெளியே வருவதற்காகக் கவுண்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டுப் போகிறான். டெல் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே மறுபடி சாய்கிறான். அங்கே பலகை இல்லை. மரம் விழுவதுபோல் நேராகப் பக்கவாட்டில் சரிந்து காணாமல் போகிறான். விழும் திசையை ஜேசன் ஓரக்கண்ணாலும் பார்ப்பதில்லை. கை ஊன்ற எத்தனிப்பதில்லை. முழங்கால் மடங்குவதில்லை. விழப் போகிறோம் என்று உடம்புக்குத் தெரியாததுபோல் விழுவது மனித உடம்பின் இயல்புக்கே விரோதமானது. சல்லிவன் உண்மையில் ஒரு பாரில் பார்த்த ஆள் தடுமாறிச் சமாளித்துக்கொண்டுவிட்டாராம். முழுசாக விழுந்துவிடலாம் என்றது ஜேசன். ‘நோ செக்ஸ் ப்ளீஸ், வீ ஆர் பிரிட்டிஷ்’ என்ற மேடைக் கூத்தில் மைக்கேல் கிராஃபோர்டுக்குப் பின் அந்த வேடத்தை ஏற்று, இரவுக்கு இரவு விழுந்து எழுந்து பழகிய உடம்பு அது. ஆனால் விழுந்தவர் வெறும் ஜேசனாக இருந்தால் அது சர்க்கஸ். ஏழு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் அறிந்து வைத்திருந்த டெல் பாய், தன்னைப் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ளத் துடிக்கும் டெல் பாய் விழுந்ததால்தான் அது காவியம். முதல் சீசனோடு நிறுத்தியிருந்தால் விழுவதற்கு ஆளே இருந்திருக்க மாட்டான்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. லண்டன் வீக்கெண்டின் தொடர்கள் ஓடிய ஐடிவியிலும் ஜேசன் கொடிகட்டிப் பறந்தாரே, 1991-இல் ‘தி டார்லிங் பட்ஸ் ஆஃப் மே’, 1992 முதல் 2010 வரை ‘எ டச் ஆஃப் ஃப்ராஸ்ட்’ என்று வணிக சேனல்தானே அவரைத் தாங்கியது என்பார்கள். பழுத்த மாம்பழத்தைப் பறிக்க யாருக்கும் தெரியும்; செடியாக இருந்தபோது இதே வணிக சேனல் இரண்டு முறை பிடுங்கிப் போட்டதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். இப்போது ஒரே கிளிக்கில் எல்லாம் கிடைக்கிறது, இனி மறுஒளிபரப்பு எதற்கு என்பது அடுத்த வாதம். கிடங்கில் கிடப்பதும் கூடத்தில் கொண்டுவந்து வைப்பதும் ஒன்றல்ல. யாரும் தேடாத தொடரை மக்கள் கண்முன் மறுபடி நிறுத்துவதற்குப் பெயர்தான் மறுஒளிபரப்பு. பழைய சரக்கையே போடுகிறான் என்று பிபிசியைத் திட்டுபவர்கள், தாங்கள் கொண்டாடும் டெல் பாயே அந்தப் பழைய சரக்கின் பிள்ளை என்பதை அறியாதவர்கள். அவர்களோடு இதற்கு மேல் மல்லுக்கட்ட அவசியமில்லை.

உரிமக் கட்டணம் ஏழைகளை வதைக்கிறது என்ற குற்றச்சாட்டு மட்டும் கனமானது. கட்டாதது குற்றம், அதற்காக வழக்கில் இழுக்கப்படுபவர்களில் நான்கில் ஏறத்தாழ மூவர் பெண்கள். அது அநியாயம், திருத்தப்பட வேண்டும். குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து அதை வெளியே எடுத்துவிடலாம், வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைக்கலாம். ஆனால் வசூலிக்கும் முறை மோசம் என்பதால் வசூலே மோசம் என்று முடிவு கட்டுவது சந்தாக் கட்சிக்கு வசதியான தந்திரம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஆண்டுக் கட்டணம் 174 பவுண்டு 50 பென்ஸாக இருந்தது, அதாவது நாளொன்றுக்கு 48 பென்ஸ். இவர்கள் ஏழைக்காக உருகுவது உண்மையென்றால், 2022 முதல் இரண்டு ஆண்டுகள் கட்டணத்தை 159 பவுண்டில் முடக்கி வைத்துப் பிபிசியின் தயாரிப்புகளை நெருக்கியபோது அதே ஏழை பார்க்கும் நிகழ்ச்சிகளுக்காகவும் உருகியிருக்க வேண்டும். சந்தா வந்தால் முதலில் வெளியே நிற்கப்போவது பெக்கம் அடுக்குமாடிவாசிதான்; தன்னைப் பற்றிய தொடரைப் பார்க்கவே அவரிடம் காசு இருக்காது.

காலம் மாறிவிட்டது, தேசம் ஒன்றாக உட்கார்ந்து சிரிக்கும் நாள்கள் போய்விட்டன என்ற பெருமூச்சும் கேட்கிறது. 2024 கிறிஸ்துமஸ் இரவில் ‘கேவின் அண்ட் ஸ்டேசி’ நிறைவுப் பகுதியை ஒளிபரப்பின்போதே பார்த்தவர்கள் 1 கோடியே 23 லட்சம் பேர். அந்தத் தொடர் எங்கே பிறந்தது? 2007-இல், பிபிசி 3 என்ற சிறு சேனலின் மூலையில். அங்கிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து பிபிசி 1-க்கு வந்தது. கால் நூற்றாண்டு இடைவெளியில் அதே பாதை, அதே பொறுமை, அதே பொதுப்பணம். சந்தை தானாக ஒரு டெல் பாயை உருவாக்கும் என்பவர்கள் ஒரே ஓர் உதாரணத்தைக் காட்டட்டும், பேசலாம்.

ஜேசன் 2005-இல் சர் பட்டம் பெற்றார். எண்பது வயதைக் கடந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு இனி சாசனத்தால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. முகம் தெரியாத அடுத்த நடிகர் இப்போது எங்கோ எலெக்ட்ரீஷியன் வேலையோ டெலிவரி வேலையோ பார்த்துக்கொண்டிருப்பார், சாசனம் அவருக்கானது. ஆகவே கட்டணத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, அது எதற்காக என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும். புதிய சாசனத்தில் இப்படி ஒரு விதி இடம்பெற வேண்டும்: பிபிசி எடுக்கும் எந்தப் புது நகைச்சுவைத் தொடரையும், அதன் இரண்டாம் சீசன் முடிந்து, பிபிசி 1-இல் ஒருமுறை முழுதாக மறுஒளிபரப்பும் ஆவதற்கு முன், பார்வையாளர் எண்ணிக்கையைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது.