கணிப்பொறி கண் திறவாதபோது



வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், எப்போது தொடங்கியது, தலைவலி உண்டா, உணவு செல்கிறதா என்றெல்லாம் வினவிய பிறகே மருந்தைப் பற்றி எண்ணுகிறோம். ஆனால் வீட்டுக் கணிப்பொறி ஒரு நாள் காலையில் எழ மறுத்துவிட்டால், அந்தப் பொறுமை எங்கோ மறைந்துவிடுகிறது. "நேற்று இரவு கடைசியாக அதைத் தொட்டது யார்?" என்று விசாரணை தொடங்குகிறது. பள்ளி செல்லும் பிள்ளை குற்றவாளியாக நிறுத்தப்படுகிறான். பின்னர் பொறி கடைக்குச் செல்கிறது. "பார்மட் போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்கிறார் கடைக்காரர். குடும்பத் தலைவரும் தலையசைத்துவிடுகிறார்.

அந்தத் தலையசைப்பைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம். பார்மட் என்பது வட்டில் உள்ளவற்றைத் துடைத்துவிட்டு வெறும் பலகையிலிருந்து தொடங்குவதாகும். மகளின் திருமணப் படங்களும், மறைந்துபோன பாட்டியாரின் குரற்பதிவும், வீட்டுக் கடன் கணக்கும் அத்துடன் போய்விடலாம். பொறி எழாமற்போவது வேறு. அதனுள் நாம் சேமித்தவை அழிந்துபோவது வேறு. பல வேளைகளில் முன்னது மட்டுமே நேர்ந்திருக்கும். பின்னதை நம் அவசரமே வருவித்துக்கொள்கிறது.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால், ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் முடங்கின என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் கணக்கிட்டது. பல நாடுகளில் விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. இந்தியாவில் விமானப் பயணிகள் சிலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. ஆயினும் அப்பொறிகளில் சேமித்திருந்த கோப்புகளை அப்பிழை அழிக்கவில்லை. 'சேப் மோடு' எனப்படும் பாதுகாப்பு நிலையில் பொறியைத் தொடக்கி, பழுதான கோப்பு ஒன்றை நீக்குவதே அதற்குரிய முக்கிய மருந்தாக இருந்தது. நோயின் இடம் தெரிந்ததால் முழு வட்டையும் துடைக்க வேண்டிய தேவை எழவில்லை.

எனவே, "யார் கெடுத்தது?" என்று கேட்பதை விடுத்து, "எந்தப் படியில் நின்றது?" என்று கேட்கப் பழகுவோம். கணிப்பொறி விழிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை எஸ்.எம்.பி.எஸ். என்னும் பெட்டி 12, 5, 3.3 வோல்ட் எனக் குறைத்துத் தருகிறது. அடுத்து, மதர்போர்டில் உள்ள சில்லு ஒன்றில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் நிரல் விழித்தெழுந்து, நினைவகம், திரை முதலியவற்றைச் சோதிக்கிறது. பிறகு வட்டைத் தேடி, அதிலிருந்து விண்டோஸை அழைக்கிறது. இறுதியில் விண்டோஸ் தன் பரிவாரங்களைத் திரட்டிக்கொண்டு நம் முன் தோன்றுகிறது. ஆக நான்கு படிகள். ஒவ்வொன்றிலும் நோய்க்குறி வெவ்வேறாக இருக்கும்.

முதற் படி: பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி ஓசையும் இல்லை. அதே பிளக் பாயிண்டில் மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். யு.பி.எஸ். பழையதாயின் அதை விலக்கிவிட்டு நேரே சுவரில் இணைத்துப் பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளின் பின்புறத்தில் சிறு சுவிட்ச் ஒன்று உண்டு. ஒட்டடை அடிக்கும்போது அது அணைந்திருக்கவும் கூடும். மடிக்கணினியாக இருந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டுத் தொடக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, மீண்டும் சார்ஜரை இணைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறவாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

இரண்டாம் படி: விசிறி சுழல்கிறது, திரையோ இருண்டிருக்கிறது. மானிட்டருக்கு மின்சாரம் வருகிறதா, கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால் ரேம் பட்டையின் மீது ஐயம் கொள்ளலாம். மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிய பிறகு, பட்டையைக் கழற்றி, கொக்கி பூட்டும்வரை நேராக அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு பட்டைகள் இருப்பின் ஒவ்வொன்றாக வைத்துச் சோதிக்கலாம். சில பொறிகள் இந்நிலையில் 'பீப்' ஒலி எழுப்பும். எத்தனை முறை ஒலித்தது, நீண்டு ஒலித்ததா, குறுகி ஒலித்ததா என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தயாரித்தவருக்குத் தக்கபடி பொருள் மாறும். அப்பொறியின் கையேடு விளக்கம் தரும்.

மூன்றாம் படி: தொடங்கத்தக்க வட்டு எதுவும் இல்லை என்று பொருள்படும் ஆங்கில வாசகம் கறுந்திரையில் தோன்றுகிறது. செருகிவிட்டு மறந்த பென்டிரைவ் ஏதேனும் உண்டா என்று முதலில் பாருங்கள். அதை அகற்றியதும் பொறி எழுந்துவிடுவது உண்டு. தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பேட்டரியாகும். அது தீர்ந்தால், பழைய பொறிகள் தம் அமைப்புகளை மறந்து, எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்று அறியாமல் திகைக்கும். புதிய பேட்டரி பொருத்தி, அமைப்புகளைச் சீராக்கினால் போதும். ஆனால் ஹார்டு டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்னும் ஓசை தொடர்ந்து கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். மீண்டும் மீண்டும் தொடக்கிப் பார்ப்பது எஞ்சியதையும் சிதைக்கக்கூடும். கோப்புகளை மீட்பதில் பயிற்சி பெற்றவரிடம் அதை ஒப்படைப்பதே தக்கது.

நான்காம் படி: விண்டோஸ் சின்னம் தோன்றுகிறது, புள்ளிகள் சுழல்கின்றன, பின்னர் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. விண்டோஸ் 10, 11 ஆகியவை சில முறை இவ்வாறு தோற்றால், பழுது நீக்கும் திரையைத் தாமே கொண்டுவரும். அங்கே மென்மையான மருந்திலிருந்து தொடங்குங்கள். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அடுத்து அண்மையில் வந்த அப்டேட்டை நீக்குதல். அதன்பின் சிஸ்டம் ரிஸ்டோர். அத்துடன் சேப் மோடு. 'ரீசெட்' என்பது கடைசி மருந்து. அதில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் வழியும், யாவற்றையும் அகற்றும் வழியும் அருகருகே இருக்கும். படித்துப் பாராமல் விரல் வைக்க வேண்டாம். சில பொறிகள் இந்நிலையில் பிட்லாக்கர் என்னும் பூட்டுக்குரிய 48 இலக்கச் சாவியைக் கேட்கும். பொறி நலமாக இருக்கும்போதே அதைத் தேடியெடுத்து, குடும்பப் பத்திரங்களுடன் எழுதி வைப்பது நன்று. பலருக்கு அது அவர்தம் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

இத்தனையும் பயன் தராவிடினும் கோப்புகளை மீட்க வழி உண்டு. வட்டு நல்ல நிலையில் இருந்தால், அதைக் கழற்றி, அதற்குரிய யு.எஸ்.பி. கேபிள் வழியாக வேறு கணிப்பொறியில் இணைத்து நகல் எடுக்கலாம். அல்லது உபுண்டு போன்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்தே, வட்டில் நிறுவாமல், ஓட்டிப் பார்த்து, படங்களை வேறொரு வட்டுக்கு மாற்றலாம். பூட்டிய வட்டாயின் முன்சொன்ன சாவி இங்கும் தேவைப்படும். கடைக்காரர்கள் பலர் இவ்வேலையை நன்கு அறிந்தவர்கள். நாம் கேட்காததனால்தான் அவர்களும் செய்வதில்லை. ஆகவே பொறியை ஒப்படைக்கும்போது, "முதலில் கோப்புகளை நகல் எடுத்துக் காட்டுங்கள், நாங்கள் பார்த்த பிறகே பார்மட் செய்யலாம்" என்று தெளிவாகச் சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். எந்தப் படியில் நின்றது, திரையில் என்ன வாசகம் வந்தது என்பதையும் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினால், அவர் வேலையும் எளிதாகும். வீண் செலவும் குறையும்.

நோய் வருமுன் காப்பதே சிறந்தது என்பது இங்கும் பொருந்தும். அரியவை என்று நீங்கள் கருதும் கோப்புகள் பொறியில் மட்டும் இருக்க வேண்டாம். ஒரு நகல் வெளிவட்டில் இருக்கட்டும். மற்றொரு நகல் வேறு ஊரில் வாழும் அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ இருக்கட்டும். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அவற்றைத் திறந்து பாருங்கள். திறந்து பாராத நகல் இருக்கிறதா இல்லையா என்பதைத் தேவைப்படும் நாளில் மட்டுமே அறிய நேரும்.

ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குங்கள். குற்றவாளியாக நிறுத்தப்பட்ட அந்தப் பிள்ளையையே அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எந்தப் படம் எந்தக் கோப்புறையில் உள்ளது என்பதைப் பெற்றோரைவிட அவனே நன்கு அறிவான். பாட்டியாரின் குரலை இருவரும் ஒரு முறை சேர்ந்து கேட்டுவிட்டு, அதையே முதலில் நகல் எடுங்கள்.