எத்தனை கட்டுரை என்று கேட்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபமில்லை.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கல்லூரியின் பேனர் படம் வந்தது. உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் அவர்கள் பேராசிரியர் இடம்பெற்றிருக்கிறாராம். நல்ல செய்தி, நானும் வாழ்த்தினேன். ஆனால் அதையே சாக்காக வைத்து, "நம்ம வீட்லயும் ஒருத்தி நாலு வருஷமா ஆராய்ச்சி பண்றா, ஒரு கட்டுரைகூட வரலையாமே" என்று எழுதியிருந்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பதிவு. அவள் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். மறுநாளே போன் செய்தாள். பணம் கட்டினால் பதினைந்து நாளில் கட்டுரை போட்டுத் தருகிறோம் என்று ஒரு ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது, கட்டிவிடட்டுமா சார் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவன். இவருக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்கலாம். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்ட கை இது. மதிப்பெண் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று ஓரளவு தெரியும்.

அந்தப் பட்டியல் பொய்யில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழுவினர் எல்சேவியரின் ஸ்கோபஸ் தரவுகளை வைத்துத் தயாரிப்பது. அதில் வாழ்நாள் கணக்கு தனி, ஒரே ஓர் ஆண்டின் கணக்கு தனி. தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டதைச் சேர்த்து ஓர் இடம், கழித்து ஓர் இடம் என்றும் தருகிறார்கள். இது எந்தக் கணக்கு என்று பேனரில் போடமாட்டார்கள்.

எச்-இண்டெக்ஸ் என்று ஒன்று சொல்வார்கள். 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த கணக்கு. ஒருவருக்கு அது 10 என்றால், அவருடைய 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். அவ்வளவுதான். வாழ்நாளில் 3 கட்டுரை மட்டும் எழுதியவருக்கு, மூன்றும் ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும், எச்-இண்டெக்ஸ் 3தான். சிலேட்டில் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மருத்துவ உயிரியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டது 1951இல் ஆலிவர் லோரி குழுவினர் எழுதிய கட்டுரை. 3 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை அது. பயனுள்ளது, எல்லோருக்கும் தேவைப்பட்டது, அதனால் எல்லோரும் குறிப்பிட்டார்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரையோ, 2014இல் நேச்சர் இதழ் தொகுத்த முதல் நூறில்கூட வரவில்லை.

இப்போது கொல்கத்தாவின் சம்பு நாத் தே பற்றிச் சொல்கிறேன். இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? 1884இல் ராபர்ட் கோக் காலரா கிருமியைக் கண்டறிந்தபோதே, அது ஏதோ நச்சை உண்டாக்குகிறது என்று ஊகித்தார். எழுபத்தைந்து வருஷம் அதை யாராலும் மெய்ப்பிக்க முடியவில்லை. தே பெரிய கருவி எதுவும் இல்லாமல் செய்தார். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை உள்ளே செலுத்தினார். கிருமியே இல்லை, ஆனாலும் குடலில் கஞ்சித் தண்ணீர்போல நீர் கோத்துக்கொண்டது. நச்சு வேலை செய்யும் இடம் குடல்தான் என்பது தெளிவாயிற்று. 1959இல் நேச்சரில் வந்தது. சின்னக் கட்டுரை.

அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க அவரிடம் வசதி இல்லை. பத்து வருஷம் கழித்து அமெரிக்காவில் அதைச் செய்தார்கள். அதன் பிறகுதான் தே பெயர் வெளியே வந்தது. 1978இல் நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். நம் நாட்டு அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை, பெரிய விருதும் தரவில்லை. 1985இல் இறந்துபோனார். மறு வருஷம் அவருடைய பங்கை அலசி எழுதியவர் யார் தெரியுமா? இந்த மேற்கோள் எண்ணும் முறையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டேதான். எனவே அந்த எண்ணுக்கும் ஒரு பயன் உண்டு, மறுக்கவில்லை. மறைந்த வேலையைத் தோண்டி எடுக்கக்கூட உதவுகிறது. ஆனால் 1963இல் ஒரு மாமா தேயிடம் "நாலு வருஷமாச்சே, எத்தனை பேர் சொன்னாங்க" என்று கேட்டிருந்தால், பாவம், அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

பணம் கட்டிப் போடும் கட்டுரையால் இன்னொரு தீங்கும் இருக்கிறது. மருத்துவக் கட்டுரை என்பது கோயில் மலர் இல்லை. அதை நம்பி இன்னொருவர் மருந்தும் அளவும் பேசுவார். சரிபார்க்காமல் அச்சேறிய ஒரு வரி எந்த ஊர் நோயாளி தலையில் விடியும் என்று சொல்ல முடியாது. வீட்டில் நாம் கொடுக்கும் நச்சரிப்புத்தான் பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளுகிறது. அத்தை, மாமா, சித்தப்பா எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்த முறை அவளைப் பார்க்கும்போது, எத்தனை எழுதினாய் என்று வேண்டாம், என்ன தேடிக்கொண்டிருக்கிறாய் என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவாள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். பாதி எனக்குப் புரியவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாளாம். மீதிப் பாதியை அப்போது கரும்பலகையில் எழுதி விளக்குவதாகச் சொல்லியிருக்கிறாள். பலகை என் வீட்டு மாடியில்தான் இருக்கிறது, வர விரும்புகிறவர்கள் வரலாம்.