எதில் ஐந்து?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். குறுவை அறுத்து, களத்திலேயே 40 கிலோ வீதம் எடை போட்டு 100 மூட்டை கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். ஈரப்பதம் 22 காட்டியிருக்கிறது. வரம்பு 17 என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். மழை பெய்தால் அதை 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதுவதும், மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள். இவரைக் காயவைத்து எடுத்து வரச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் கொட்டிக் கிளறிக் காயவைத்து, திரும்ப எடை போட்டால் 94 மூட்டைக்கே ஒரு கிலோ குறைவு.

"22-ல் 5 போனா 17. நூத்துக்கு அஞ்சு மூட்டைதானே சார் குறையணும்? ஒரு மூட்டையைக் காணோம்" என்றார். ராத்திரி காவலுக்குப் படுத்திருந்தவர் மேல் சந்தேகம். அவர் கூலியில் பிடித்தும் விட்டாராம்.

எனக்குச் சுருக்கென்றது. இவருக்குச் சதவீதம் நடத்தியதே நான்தான்.

பேப்பரை எடுத்தேன். 100 கிலோ நெல்லில் தண்ணீர் 22, மற்றது 78. காயும்போது போவது தண்ணீர் மட்டும். அந்த 78 அப்படியே இருக்கும். ஈரம் 17 ஆகும்போது அதே 78 கிலோதான் மொத்தத்தில் 83 பங்காக நிற்க வேண்டும். 83-க்கு 100 என்றால் 78-க்கு எவ்வளவு? 93.98. நூறு மூட்டைக்குக் கணக்குப் போட்டால் 3,759 கிலோ, அதாவது 93 மூட்டையும் 39 கிலோவும். 95-லேயே நிறுத்தியிருந்தால்? அதில் தண்ணீர் 17 கிலோ. 95-ல் 17 என்பது கிட்டத்தட்ட 18 சதவீதம். மறுபடி திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள்.

மூட்டையை யாரும் எடுக்கவில்லை.

ஆறாம் வகுப்பில் விகிதம், ஏழில் சதவீதம் என்று தனித்தனிப் பாடமாக நடத்தி, ஒவ்வொன்றுக்கும் நாற்பது கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவன் நான். லாப நஷ்டச் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். "எதில் ஐந்து?" என்று மட்டும் கேட்கப் பழக்கவில்லை. இப்போது பேத்தியின் பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தால் நாற்பது அறுபதாகியிருக்கிறது, அவ்வளவுதான். அதில் பத்து போதும் என்பேன். ஆனால் ஒவ்வொன்றிலும் பிள்ளை முதலில் எது மாறவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் பென்சிலைத் தொட வேண்டும்.

நிகழ்தகவு நம் பாடநூலில் ஒன்பதாம் வகுப்பில்தான் வருகிறது. புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் ஆடும் வயசு அதற்கு முன்பே போய்விடுகிறது. அதைப் பற்றி இன்னொரு நாள்.

மாணவர் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காபிகூடக் குடிக்கவில்லை. காவல்காரர் வீடு வரைக்கும் போய்வர வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.