வாக்களியாத 205 பேர்



1993 மே 11 அன்று மக்களவை நியாயாசனமாக அமர்ந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி, நம் தமிழர், பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்தபோது அரசுப் பணத்தை முறைகேடாகச் செலவிட்டார் என்பது வழக்கு. நீதிபதி சாவந்த் தலைமையிலான குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்யென்று கண்டிருந்தது. பதவிநீக்கத்தை ஆதரித்தோர் 196 பேர். எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஆயினும் தீர்மானம் தோற்றது. காங்கிரசாரும் தோழமைக் கட்சியினருமாக 205 பேர் வாக்களியாமல் அமர்ந்திருந்தார்கள்.

அவர் குற்றமற்றவர் என நம்பினால் எதிர்த்தே வாக்களித்திருக்கலாமே! பிலாத்து கைகழுவத் தண்ணீராவது கேட்டான். மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். ஆகவே மௌனமே அங்கு எதிர்வாக்காயிற்று. கட்சி தப்பியது, நியாயம் தப்பவில்லை.

ஆம்பூர்த் தொழிற்சாலைகளில் தோலைத் தரம்பிரிக்கும் சகோதரரே, வெட்டும் தழும்பும் உண்டா என்றுதானே பார்க்கிறீர்? அனுப்பியவர் உறவினர் என்பதற்காக ஓட்டைத் தோலை முதல் தரத்தில் அடுக்குவீரோ?

சென்ற சேகரக் கூட்டத்தில் கட்டட நிதிக் கணக்கைக் கேட்டு ஒரு மூதாட்டி எழுந்தார். ஆதரிப்போர் கையுயர்த்தும்படி சொல்லப்பட்டது. அணி பார்த்துத் தலைகுனிந்தோர் அநேகர். அவர்களில் நானும் ஒருவன். வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் அக்கேள்வியை நானே மறுபடியும் வைப்பேன்.