ஈய நச்சிலிருந்து மூளையைக் காக்குமா மஞ்சள்? ஆய்வுகள் சொல்வது என்ன?

'தினமும் மஞ்சள் சேர்த்துக்கோங்க, உடம்புல இருக்கற நச்செல்லாம் வெளியே போயிடும்' என்ற அறிவுரையைக் கேட்காத வீடு இருக்காது. ஈயம் போன்ற கன உலோகங்களிலிருந்து மூளையைத் தாவரப் பொருட்கள் காக்குமா என்று விஞ்ஞானிகளும் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். ஆனால், அதே மஞ்சள் வழியாகவே ஈயம் உடம்புக்குள் போன கதையும் உண்டு.

ஈயம் மூளையை என்ன செய்கிறது?

ஈயம் கால்சியம் போலவே வேஷம் போடும். கால்சியம் போகும் பாதையிலேயே மூளைக்குள் புகுந்து, நரம்பு செல்களின் தகவல் பரிமாற்றத்தைக் குழப்பும். செல்களைக் காக்கும் குளுட்டாதயோனையும் முடக்கிவிடும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாக ஈயத்தை உறிஞ்சுவதால், அடி விழுவது அவர்களின் அறிவுத்திறனில்தான். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு.

தாவரங்கள் தடுக்குமா?

மஞ்சளில் உள்ள குர்குமின் ஈயத்தோடும் காட்மியத்தோடும் ஒட்டிக்கொண்டு எலி மூளையில் சேதத்தைக் குறைத்ததாக 2004ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெங்காயத்தில் இருக்கும் குவர்செடின், கிரீன் டீயில் உள்ள பொருட்கள் பற்றியும் இதுபோன்ற முடிவுகள் உண்டு. பெரும்பாலும் எல்லாமே எலிகளிடம் பார்த்தவை. நாம் சாப்பிடும் குர்குமினில் ரத்தத்தில் கலப்பதே ரொம்பக் கொஞ்சம்.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் பூண்டு கவனிக்கத்தக்கது. ஈரானில் பேட்டரி தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 117 பேரிடம் நடந்த ஆய்வு 2012ல் வெளியானது. 4 வாரம் பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தத்தில் ஈயம் ஏறக்குறைய 18% குறைந்தது. தலைவலி, எரிச்சல் போன்ற தொந்தரவுகளும் குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் சின்ன ஆய்வு, அதுவும் பெரியவர்களிடம்.

ரத்தத்தில் ஈயம் குறைந்தால் மூளை மீண்டுவிடுமா என்பதுதான் முக்கியக் கேள்வி. அமெரிக்காவில் 780 குழந்தைகளிடம் ஈயத்தை வெளியேற்றும் சக்சிமர் மருந்து சோதிக்கப்பட்டது. ஈயம் குறைந்தது. அறிவுத்திறன் தேர்வுகளில் முன்னேற்றம் இல்லை என்று 2001ல் முடிவு வந்தது. மருந்தாலேயே முடியாததை, குழம்பில் போடும் ஒரு ஸ்பூன் மஞ்சள் செய்யும் என்று எப்படி நம்புவது?

மஞ்சளிலேயே ஈயம்

வங்கதேசத்தில் 1980களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிய மஞ்சளைப் பளிச்சென்று காட்ட, பெயின்ட்டில் பயன்படும் லெட் குரோமேட் சாயத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. 2019ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டு வந்ததும் அரசு களமிறங்கியது. கையடக்க எக்ஸ்ரே கருவியோடு மொத்த மார்க்கெட்டில் சோதனை, அபராதம், பத்திரிகைகளில் எச்சரிக்கை. 2019ல் 47% மஞ்சள் மாதிரிகளில் இருந்த ஈயம், 2021ல் எதிலுமே இல்லை. அரவை ஆலைத் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயம் சுமார் 30% குறைந்தது. எந்த மாத்திரையும் இல்லாமல்!

இந்தியாவில்? 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை தெற்காசியாவின் 23 நகரங்களில் எடுத்த மாதிரிகள் பற்றிய ஆய்வு 2024ல் வெளியானது. பாட்னாவில் ஒரு கிராம் மஞ்சளில் 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்போ வெறும் 10 மைக்ரோகிராம்.

பொடியை விட்டுவிட்டு விரலி மஞ்சள் வாங்கி அரைத்தால் போதுமா? அதையும் முழுதாக நம்ப முடியாது. வங்கதேசத்தில் பாலிஷ் போடும்போது கிழங்கின் மேலேயே சாயம் ஏற்றினார்கள். குழந்தைக்கு இரும்புச்சத்தோ கால்சியமோ குறைவாக இருந்தால் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்கும் என்பதால், அந்தக் குறைபாட்டைச் சரிசெய்வது பலன் தரும். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.